ரொறொன்ரோவிலிருந்து கல்கரிக்குக் காரில்: எந்த இரவை மட்டும் முன்பதிவு செய்வது?

ஸ்காபரோவிலிருந்து கல்கரிக்குக் குடிபெயரும் நம்மவர்களில் சிலர் காரையும் தாங்களே ஓட்டிச் செல்கிறார்கள். கனடாவுக்குள்ளேயே போனால் ஏறத்தாழ 3,400 கி.மீ. "போற இடத்தில ரூம் எடுக்கலாம்" என்ற கணக்கு இந்தப் பாதையில் எல்லா இடத்திலும் சரிவராது.

சட்பரி வரை 390 கி.மீ., அங்கிருந்து சூ செயின்ற் மரி 310 கி.மீ. இடையில் எஸ்பனோலா, பிளைண்ட் ரிவர் என்று ஊர்கள் உண்டு. களைத்த இடத்தில் தங்கலாம். சூவைத் தாண்டினால் அப்படி முடியாது. சுப்பீரியர் ஏரிக்கரையால் போகும் 17ஆம் இலக்க நெடுஞ்சாலையில் அடுத்த ஊர் என்று சொல்லத்தக்க வாவா 225 கி.மீ. தள்ளி இருக்கிறது. அதற்கு அப்பால் தண்டர்பே 480 கி.மீ. நடுவில் உள்ளவை சின்ன ஊர்கள், மோட்டல்களும் குறைவு. ஜூலை, ஓகஸ்ட்டில் அவை மாலைக்குள் நிறைந்துவிடும். ஆகவே வாவாவிலோ அதைத் தாண்டியுள்ள மரத்தனிலோ அந்த ஓர் இரவை மட்டும் முன்பதிவு செய்யுங்கள். காசு திரும்பக் கிடைக்க எத்தனை மணி நேரத்துக்கு முன் ரத்துச் செய்யவேண்டும் என்பதைக் கட்டாயம் பாருங்கள். 48 மணி நேரம் என்றால் அந்தப் பதிவால் பயனில்லை. அதே நாள் மாலைவரை ரத்துச் செய்யக்கூடியதைத் தேடுங்கள்.

குழந்தைகளோடு ஒரு நாளுக்கு 500 முதல் 550 கி.மீ. போதும். பெரும்பகுதி இருவழிப் பாதை, வேக எல்லை 90. ஒரு பார ஊர்தியின் பின்னால் மாட்டினால் முந்தும் தடம் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். ஜூன் கடைசியில் தண்டர்பேயில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும். அதை நம்பி ஓட்டினால் மூஸ் மான்கள் வீதிக்கு வரும் அந்திப்பொழுதில், சாரதி களைத்துப்போயிருக்கும் நேரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஏழு மணிக்கு நிறுத்திவிடுங்கள்.

தாங்கி பாதியானதும் பெற்றோல் நிரப்புங்கள். பல இடங்களில் தொலைபேசி சிக்னல் இராது, வரைபடத்தை முன்பே இறக்கிவையுங்கள். மேலதிக ரயரைத் திறந்து பாருங்கள்: பல கார்களில் இருப்பது மெல்லிய தற்காலிக ரயர், அல்லது காற்றடிக்கும் கருவி மட்டுமே. அந்த ரயரில் பொதுவாக மணிக்கு 80 கி.மீ.க்கு மேல் போகக்கூடாது, தூரமும் அதிகம் ஓடக்கூடாது. வாவா வரை அது தாங்காது. இழுவை ஊர்திக் காப்பு எத்தனை கி.மீ. வரை என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அடிப்படைத் திட்டங்களில் அது மிகச் சொற்பம்.

2016 ஜனவரியில், தண்டர்பேக்குக் கிழக்கே உள்ள நிப்பிகன் பாலத்தின் ஒரு பகுதி மேலெழும்பி வீதி மூடப்பட்டபோது, கனடாவுக்குள் மாற்றுப் பாதையே இருக்கவில்லை. நிப்பிகனுக்குக் கிழக்கே வீதி மூடப்பட்டால் மட்டும் ஒரு வழி உண்டு: வாவாவுக்கும் மரத்தனுக்கும் இடையிலுள்ள வைற் ரிவரிலிருந்து 631ஆம் வீதியால் ஹோர்ன்பெயின் ஊடாக வடக்கே ஏறி 11ஆம் நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம். காலையில் புறப்படுமுன் ஒன்ராறியோ 511 சேவையில் வீதி நிலவரம் பாருங்கள்.

சாப்பாட்டுக்குச் சீனிச் சம்பலும் பாணும் கொண்டுபோங்கள். தேங்காய்ச் சம்பல் கோடை வெக்கையில் மத்தியானத்துக்குள் புளித்துவிடும்.