லண்டனில் குழந்தைக்கு நானி வைத்த கதை

மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பப் போகிறேன் என்று சொன்னதும் வடமேற்கு லண்டனில், ஹாரோவில் இருக்கும் நம்மவர்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "அம்மா வர்றாங்களா, மாமியார் வர்றாங்களா?" என்பதுதான். இரண்டு பேரும் வந்தார்கள், பார்த்துக்கொண்டார்கள், அவர்கள் இல்லாமல் முதல் மாதங்களைத் தாண்டியிருக்க முடியாது. ஆனால் பாட்டிகளை மாற்றி மாற்றி வரவழைத்தே குழந்தையை வளர்த்துவிடலாம் என்ற கணக்கு இங்கே ஒத்துவராது. விசிட்டர் விசாவில் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 6 மாதம்தான் தங்கலாம். 10 வருட விசா வாங்கினாலும் ஒவ்வொரு வருகைக்கும் அதே 6 மாதம்தான், திரும்பத் திரும்ப வந்து இங்கேயே குடியிருப்பது போல ஆனால் விமான நிலையத்திலேயே கேள்வி வரும். பேரப்பிள்ளையைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்வதற்கு விதியில் தடை இல்லை, அதுவே ஒரு வேலை போல ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான். விதி ஒருபுறம் இருக்கட்டும், நாலு மணிக்கே இருட்டிவிடும் டிசம்பரில், முழங்கால் வலியோடு இருக்கிற அம்மாவிடம் தவழ ஆரம்பித்த குழந்தையைக் காலையிலிருந்து மாலை வரை தனியாக விட்டுப்போக எனக்கு மனம் வரவில்லை.

இங்கே விடுப்பு என்னவோ நீளமானது, 52 வாரம். ஆனால் சட்டப்படி கிடைக்கும் சம்பளம் 39 வாரத்தோடு நின்றுவிடும். அதிலும் முதல் 6 வாரம்தான் 90 சதவீதம், அப்புறம் வருவது வாடகைக்கே காணாது. அதனால் எங்கள் வீட்டில் ஒன்பது மாதம் என்று முடிவானது. முழு 52 வாரமும் எடுக்காமல் முன்னதாகத் திரும்புவதென்றால் அலுவலகத்துக்கு 8 வாரம் முன்பே சொல்லிவிட வேண்டும். பலருக்குத் தெரியாத ஒன்று, விடுப்பில் இருக்கும் மாதங்களிலும் வருடாந்திர லீவு சேர்ந்துகொண்டே இருக்கும். நான் அதை மொத்தமாக எடுக்காமல் வாரத்துக்கு ஒரு நாளாகப் பிரித்துக்கொண்டு, ஆரம்பத்தில் நாலு நாள் மட்டும் வேலைக்குப் போனேன், சம்பளம் முழுதாக வந்தது. வேலை நேரத்தை மாற்றிக் கேட்கும் உரிமையும் 2024 ஏப்ரலிலிருந்து வேலையில் சேர்ந்த முதல் நாளே உண்டு, 2 மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். கேட்கத் தயங்காதீர்கள்.

சரி, குழந்தையை யாரிடம் விடுவது. நர்சரி, சைல்ட்மைண்டர், நானி என்று மூன்று வழி. சைல்ட்மைண்டர் என்பவர் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வார், நானி நம் வீட்டுக்கு வருவார். என் கணவருக்கு மருத்துவமனையில் ஷிஃப்ட் வேலை, ஒரு வாரம் போல மறு வாரம் இருக்காது. நர்சரி ஆறு மணிக்கு மூடிவிடும், மெட்ரோபாலிடன் லைனில் ஒரு ரயில் தாமதமானால் எனக்கு ஆறு மணிக்குள் வந்து சேர முடியாது. குழந்தைக்கு லேசாகக் காய்ச்சல் அடித்தாலும் நர்சரியிலிருந்து போன் வரும், யாராவது போய்க் கூட்டி வர வேண்டும். ஆகவே வீட்டுக்கு வருகிற ஆள்தான் எங்களுக்குச் சரிப்படும் என்று தோன்றியது.

இந்த இடத்தில் நம்மவர்களிடையே நடக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். "பக்கத்துத் தெருவில் ஒரு அக்கா இருக்காங்க, நம்ம சாப்பாடு, நம்ம பேச்சு, கையில ரொக்கமா கொடுத்தா போதும், அவங்க வீட்டிலேயே வச்சுப் பார்த்துப்பாங்க" என்று என்னிடமும் சொன்னார்கள். அந்த அக்கா நல்லவராகவே இருக்கலாம். ஆனால் இங்கிலாந்தில் 8 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்து ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்கு மேல் காசு வாங்கிப் பார்த்துக்கொள்கிறவர், உறவினராக இல்லாவிட்டால், குழந்தைக் காப்பகங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டிலோ, அதற்கான ஏஜென்சியிலோ பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் செய்வது குற்றம், மாட்டினால் அதன் விளைவு முழுதும் அந்த அக்கா தலையில் விழும். குழந்தையின் வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் நானிக்கு இந்தக் கட்டாயம் இல்லை, அதிகபட்சம் இரண்டு குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்த்துப் பார்க்கலாம். விரும்பினால் ஆஃப்ஸ்டெட்டின் தன்னார்வப் பதிவேட்டில் சேரலாம், அதற்கு டிபிஎஸ் சான்று (குற்றப் பின்னணியைச் சரிபார்த்துத் தருவது), குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சி, காப்பீடு எல்லாம் வேண்டும். நான் அந்தப் பதிவேட்டில் இருப்பவரைத்தான் தேடினேன், இத்தனையும் ஏற்கனவே சரிபார்க்கப்பட்டிருக்கும் என்பதால்.

அரசு உதவி பற்றி ஒரே வரியில் சொல்வதென்றால், ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருந்து, பொது நிதி பெற முடியாது என்ற நிபந்தனை கணவன் மனைவி இருவருக்குமே இருந்தால், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவில் அரசு ஒரு பங்கு போடும் டாக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கேர் கிடையாது, ஒன்பது மாதத்திலிருந்து வேலை செய்யும் பெற்றோருக்குத் தரும் இலவச மணி நேரங்களும் கிடையாது. இருவரில் ஒருவருக்கு நிரந்தரமாகத் தங்கும் உரிமை வந்திருந்தால் நிலைமை வேறு, அப்போது பதிவேட்டில் இருக்கும் நானிக்கு டாக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கேரைப் பயன்படுத்தலாம், வருடத்துக்கு ஒரு குழந்தைக்கு 2,000 பவுண்டு வரை அரசு போடும். எங்களுக்கு இன்னும் அந்தக் காலம் வரவில்லை.

இனி பணம். நானியைத் தேடிய 2025இல் குறைந்தபட்ச ஊதியம் 21 வயது நிரம்பியவர்களுக்கு மணிக்கு 12.21 பவுண்டு. லண்டனில் அனுபவமுள்ள நானி அந்தத் தொகைக்கு வரமாட்டார், வரவும் வேண்டியதில்லை. மணிக்கு 15 பவுண்டு, வாரம் 40 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், வருடத்துக்கு 31,200 ஆகிறது. பலர் இதோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். 5,000 பவுண்டுக்கு மேல் உள்ள சம்பளத்துக்கு வேலை கொடுப்பவராக நாம் அரசுக்குக் கட்ட வேண்டிய நேஷனல் இன்ஷூரன்ஸ் 15 சதவீதம், அது 3,930. ஓய்வூதியத்துக்கு நம் பங்கு, ஒரு வரம்புக்கு மேல் உள்ள சம்பளத்தில் 3 சதவீதம், ஏறக்குறைய 750. ஆக மொத்தம் 35,900 பவுண்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், அதுவும் வரி போக நம் கைக்கு வரும் பணத்திலிருந்து. சின்ன நிறுவனங்களுக்குத் தருகிற இன்ஷூரன்ஸ் சலுகை வீட்டில் நானி வைப்பவர்களுக்குக் கிடைக்காது. என் சம்பளத்தில் பெரும்பகுதி இதற்கே போகிறது, அப்படியானால் எதற்கு வேலைக்குப் போக வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. இரண்டு மூன்று வருடம் விட்டுவிட்டால் என் துறையில் திரும்ப நுழைவது கஷ்டம், எனக்கு என் வேலை பிடிக்கும், இதற்கு மேல் விளக்கம் எதற்கு.

பேச்சு வார்த்தையில் ஒரு இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். "கைக்கு இவ்வளவு வர வேண்டும்" என்று நெட் தொகையில் பேசுகிற வழக்கம் நானிகளிடம் இன்னும் இருக்கிறது. அதற்கு ஒப்புக்கொண்டால் அவருடைய வரி எவ்வளவு ஏறினாலும் நம் பொறுப்பாகிவிடும், அவருக்கு இன்னொரு இடத்தில் வேலை இருந்து வரிச் சலுகை அங்கே போயிருந்தால் நமக்குத்தான் சுமை. எப்போதும் கிராஸ் தொகையை, அதாவது வரி பிடிப்பதற்கு முந்தைய சம்பளத்தை, ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அதேபோல "நான் செல்ஃப்-எம்ப்ளாய்டு, பில் கொடுத்துவிடுகிறேன்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். நம் வீட்டில், நாம் சொல்லும் நேரத்தில், நாம் சொல்லும்படி வேலை செய்பவர் பெரும்பாலும் எல்லா நிலையிலும் ஊழியர்தான். நாம்தான் வேலை கொடுப்பவர். முதல் சம்பள நாளுக்கு முன்பே வரித்துறையான எச்எம்ஆர்சியில் பதிவு செய்து, ஒவ்வொரு சம்பளத்துக்கும் கணக்கு அனுப்பி, பே-ஸ்லிப் கொடுக்க வேண்டும். எழுத்தில் வேலை விவரம் முதல் நாளே கொடுக்க வேண்டும். வேலையில் அவருக்கு அடிபட்டால் ஈடு செய்யும் எம்ப்ளாயர்ஸ் லயபிலிட்டி காப்பீடு எடுக்க வேண்டும். இதைப் பார்த்து மலைக்க வேண்டாம், மாதா மாதம் ஒரு சின்னத் தொகைக்கு இந்தக் கணக்கையெல்லாம் பார்த்துத் தருகிற பேரோல் ஆட்கள் இருக்கிறார்கள், நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஆளைத் தேர்ந்தெடுத்தது எப்படி என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். சான்றிதழ்களை மூலப் பிரதியாகவே பார்த்தேன், இங்கே வேலை செய்யும் உரிமை உண்டா என்று அவர் தந்த ஷேர் கோடு என்ற குறியீட்டு எண்ணை வைத்து அரசு இணையதளத்தில் சரிபார்த்தேன். முன்பு வேலை செய்த குடும்பங்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்காமல் போனிலேயே பேசினேன், ஏனென்றால் எழுத்தில் எல்லாரும் நல்லவிதமாகத்தான் எழுதுவார்கள், "திரும்ப அவரையே வைப்பீர்களா?" என்று கேட்டதும் பதில் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பது போனில்தான் தெரியும்.

அப்புறம் ஒரு நாள் சம்பளம் கொடுத்து வரச் சொன்னேன். இப்போது எங்களிடம் இருப்பவர், போர்ச்சுகலைச் சேர்ந்த ஐம்பது வயதுப் பெண், உள்ளே வந்ததும் ஷூவைக் கழற்றிவிட்டு நேராகப் போய்க் கையைக் கழுவினார். குழந்தையைத் தூக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, பக்கத்தில் கிடந்த மரக் கரண்டியால் ஒரு டப்பாவைத் தட்டினார், நிறுத்தினார், மறுபடி தட்டினார். என் இடுப்பை விட்டு இறங்க மறுத்துக்கொண்டிருந்த குழந்தை கொஞ்ச நேரத்தில் இறங்கித் தவழ்ந்து போய் அந்தக் கரண்டியைப் பிடித்தது. மதியம் தூங்க வைக்கும்போது தொட்டிலில் இருந்த குட்டித் தலையணையையும் துணிப் பொம்மையையும் எடுத்து வெளியே வைத்தார், குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்தார், சுவரில் இருந்த வெப்பமானியைப் பார்த்தார். அறை 16 முதல் 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று ஹெல்த் விசிட்டர் (கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு வரும் நர்ஸ்) எங்களுக்குச் சொல்லியிருந்தார், அதை நான் சொல்லாமலே இவர் பார்த்தார். அன்றைக்கே எனக்கு முடிவாகிவிட்டது.

விடுப்பை முறிக்காமல் 10 நாள் வரை அலுவலகம் போகலாம் என்ற கீப்பிங் இன் டச் நாட்களை, குழந்தை நானியிடம் பழகுவதற்காகவே விடுப்பின் கடைசி மாதத்துக்கு ஒதுக்கி வைத்திருந்தேன். குழந்தை அழும், அழுதது. கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பதைவிட ரயில் ஏறிவிடுவது நல்லது, அவர் அனுப்பிய படம் நான் பேக்கர் ஸ்ட்ரீட் சேர்வதற்குள் வந்துவிட்டது. பால் எடுத்து வைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு, 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்கும் ஃபிரிட்ஜில் 8 நாள் வரை தாய்ப்பால் வைக்கலாம் என்பது இங்கிருக்கும் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் சொல்வது, ஃபிரிட்ஜ் உண்மையில் 4 டிகிரியில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பாட்டிலில் தேதியை நானே எழுதி வைத்துவிடுவேன். சாப்பாட்டுக்கு ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன், ராகிக் கஞ்சி எத்தனை கரண்டி, எவ்வளவு கெட்டியாக, உப்பு வேண்டாம், ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. கடைசி வரி நானிக்காக எழுதியது இல்லை, அம்மாவுக்காக.

அம்மா இரண்டாவது தடவை வந்தபோதுதான் சின்ன உரசல். குழந்தை தூங்கும் நேரத்தில் நானி சோபாவில் உட்கார்ந்து புத்தகம் படிப்பதைப் பார்த்து, "சும்மாதானே உட்கார்ந்திருக்காங்க, அந்த ரெண்டு பாத்திரத்தைக் கழுவச் சொல்லேன்" என்றார். குழந்தையின் துணி, குழந்தையின் பாட்டில், குழந்தையின் சாப்பாடு, அதன் அறை, இவ்வளவுதான் ஒப்பந்தத்தில் இருப்பது. "அது அவங்க வேலை இல்லைம்மா" என்றேன். ஊரில் வீட்டு வேலைக்கு வருபவரிடம் மணிக்கணக்கு பார்க்காமல் இதையும் செய் அதையும் செய் என்று சொல்லி, பழைய சேலையும் மிச்சச் சாப்பாடும் கொடுத்து, அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள் நாம். என் குழந்தையை நாள் முழுதும் கையில் வைத்திருப்பவருக்கு நேரத்துக்குச் சம்பளம், பே-ஸ்லிப், லீவு, உடம்பு சரியில்லாத நாளுக்கு உரிய பணம், இதெல்லாம் கிடைக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மாலை ஆறரைக்கு வேலை முடிகிறது என்றால் ஆறரைக்கு நான் வீட்டில் இருப்பேன், தாமதமானால் அந்த அரை மணி நேரமும் சம்பளத்தில் ஏறும். அம்மா சில நாளில் பழகிவிட்டார், கிளம்புவதற்குள் இரண்டு பேரும் பாஷை தெரியாமலே பேசிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டார்கள்.

நானிக்கே உடம்பு சரியில்லாமல் போனால் என்ன செய்வது என்பதற்கு முழுமையான தீர்வு இல்லை. எனக்கும் கணவருக்கும் அன்று யாருடைய வேலை தள்ளிப்போட முடியாதது என்று காலை ஆறு மணிக்கே பேசி முடித்துவிடுவோம். சார்ந்திருப்பவர்களுக்காக அவசர விடுப்பு எடுக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது, சம்பளம் தருவது அலுவலகத்தின் விருப்பம்.

இன்னொன்று, நம்மவர்கள் எல்லாருக்கும் வரும் கேள்வி, ஊருக்குப் போகும்போது என்ன செய்வது. நானிக்கு வருடத்துக்கு 5.6 வாரம் சம்பளத்தோடு லீவு உண்டு. அதில் பாதியைக் குடும்பமும் பாதியை அவரும் தீர்மானிப்பது என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டோம், பரவலாக இருக்கும் வழக்கம்தான். இந்த டிசம்பரில் நாங்கள் ஐந்து வாரம் மதுரைக்குப் போகிறோம். நாங்கள் தீர்மானிக்கும் பாதி அதற்குப் போதாது, நாம் ஊரில் இல்லாததால் அவர் சம்பளத்தை வெட்ட முடியாது, வெட்டவும் கூடாது. தேதியை ஆகஸ்டிலேயே அவரிடம் சொல்லிவிட்டேன், அவர் தன் பாதியிலிருந்து ஒரு வாரத்தைச் சேர்த்துக்கொண்டு லிஸ்பனுக்கு டிக்கெட் போட்டுவிட்டார், மிச்ச நாட்களில் அவர் வேலையில்லாமல் வீட்டில் இருந்தாலும் சம்பளம் கொடுத்துவிடுவோம். விமான டிக்கெட் செலவோடு இதையும் சேர்த்துத்தான் இந்த வருடப் பட்ஜெட் போட்டிருக்கிறோம்.