நல்ல தண்ணி லைன், உப்புத் தண்ணி லைன்

ஒரு பெரிய கட்டடத்தை ஒப்படைக்கும்போது எல்லாரும் கடைசியாகத் தேடுவது, கட்டடத்தின் இயந்திரங்களை எப்படி இயக்கிப் பராமரிப்பது என்று சொல்லும் ஓ அண்ட் எம் மேனுவலைத்தான். வேலை முடியும்வரை பிடித்து வைத்திருக்கும் ரிட்டென்ஷன் பணம் வர வேண்டும், அதற்கு மேனுவல் போய்ச் சேர வேண்டும், உடனே ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரின் கம்பெனி கேட்லாக், பம்ப் கம்பெனி கேட்லாக், ஜெனரேட்டர் கேட்லாக் எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்துப் பத்துப் பன்னிரண்டு பாக்ஸ் பைலில் போட்டு அலமாரியில் அடுக்கிவிடுவார்கள். கோவையில் கட்டட சர்வீஸ் வேலை செய்யும் நிறுவனத்தில் சேர்ந்த புதிதில் நானும் அதைத்தான் செய்தேன். பிறகு ஒரு மருத்துவமனைக் கட்டடத்துக்கு நானே உட்கார்ந்து மேனுவல் எழுத வேண்டி வந்தது. அப்போதுதான் இந்த வேலை என்ன என்று எனக்குப் புரிய ஆரம்பித்தது.

முதலில் பெயர்களைச் சொல்கிறேன். நான் ‘டொமஸ்டிக் வாட்டர்’, ‘ரா வாட்டர்’ என்று எழுதியிருந்தேன், டிராயிங்கிலும் அப்படித்தான் இருந்தது. பிளான்ட் ரூமில் ஒருவர் வாயிலும் அந்தச் சொற்கள் வரவில்லை. எங்கள் பக்கம் சிறுவாணியோ பவானியோ, ஆற்றிலிருந்து குழாயில் வருவது நல்ல தண்ணி, போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணி. வீட்டில் தொட்டி கட்டும்போதே இரண்டு தொட்டி கட்டுகிற ஊர் இது. ராத்திரி ஷிப்டில் போன் பண்ணி “ரா வாட்டர் வால்வை மூடுங்க” என்று சொன்னால் அந்தப் பக்கம் இருக்கிறவர் ஒரு நிமிடம் யோசிக்கிறார். குழாய் உடைந்து தண்ணீர் லிப்ட் குழிக்குள் போகிற நேரத்தில் அந்த ஒரு நிமிடம் ரொம்பப் பெரியது. எனவே மேனுவலிலும் குழாய் மேலும் பித்தளை டேகிலும் ‘நல்ல தண்ணி லைன்’, ‘உப்புத் தண்ணி லைன்’ என்றே போட்டோம். டிராயிங் எண் கீழே சின்னதாக இருக்கும்.

டேக் மாட்டப் போனது இன்னொரு பாடம். டிராயிங்கில் காரிடாரில் காட்டியிருந்த வால்வு, இடையில் பீம் வந்ததால் டாய்லெட் பால்ஸ் சீலிங்குக்கு மேலே போயிருந்தது. போட்ட பிட்டருக்கு அது தெரியும், அவர் அடுத்த சைட்டுக்குப் போய்விட்டார். ஏணியைத் தூக்கிக்கொண்டு மூன்று நாள் நடந்து ஒவ்வொரு வால்வாகத் தொட்டுப் பார்த்துத்தான் அந்த அத்தியாயத்தை முடித்தேன். ஆபீசில் உட்கார்ந்து எழுதிய மேனுவலை நான் இப்போது நம்புவதே இல்லை.

என்னுடைய பெரிய தப்பு பயர் பம்ப் பக்கத்தில் நடந்தது. அந்தக் கட்டடத்தில் தீயணைப்புக்கான ஹைட்ரன்ட் லைனில் எப்போதும் 7 கிலோ பிரஷர் நிற்கும். சின்னக் கசிவில் 6-க்கு இறங்கினால் ஜாக்கி பம்ப் என்ற சின்ன பம்ப் ஓடிச் சரி பண்ணும், யாராவது ஹோஸைத் திறந்து 5-க்கு இறங்கினால் மெயின் பம்ப் எடுக்கும், அதுவும் வராமல் 4-க்குப் போனால் டீசல் பம்ப். மெயின் பம்ப் தானாக ஓடத் தொடங்கும், ஆனால் தானாக நிற்காது, ஆள் போய்த்தான் நிறுத்த வேண்டும். தீ எரிந்துகொண்டிருக்கும்போது பிரஷர் ஏறிவிட்டது என்று பம்ப் நின்றுவிடக் கூடாது, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. இதையெல்லாம் தெளிவாகவே எழுதியிருந்தேன். டீசல் பம்பை வாரம் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதற்கும் 14 படிகள் எழுதியிருந்தேன். செலக்டர் சுவிட்சை ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு, அதாவது கையால் இயக்கும் நிலைக்கு, திருப்புங்கள் என்று ஆரம்பித்து, எண்ணெய் அளவு, பேட்டரி, கூலன்ட், பத்து நிமிடம் ஓட்டுங்கள், நிறுத்துங்கள், லாக் புக்கில் எழுதுங்கள். அதோடு முடிந்தது.

சுவிட்சைத் திரும்ப ஆட்டோவில் வையுங்கள் என்று எழுதவில்லை.

வேறு வேலையாக அங்கே போனபோது சுவிட்ச் மேனுவலில் நிற்பதைப் பார்த்தேன். லாக் புக்கைப் புரட்டினால் கடைசி டெஸ்ட் நடந்து 19 நாள் ஆகியிருந்தது. அந்த 19 நாளில் கரண்டில் ஓடும் மெயின் பம்ப் கைவிட்டிருந்தால் டீசல் பம்ப் அசைந்திருக்காது, மேலே ஆறு மாடியில் எழுந்து நடக்க முடியாத நோயாளிகள். டெஸ்ட் ஓட்டிய பையன் மேல் ஒரு குற்றமும் இல்லை, என் தாளில் இருந்ததை வரி பிசகாமல் செய்திருந்தான். வாரா வாரம் ஓட்டச் சொல்லியும் கிட்டத்தட்ட மூன்று வாரமாக யாரும் ஓட்டவில்லை என்பது தனிக் கதை. அன்றிலிருந்து எந்த டெஸ்டை எழுதினாலும் முடிக்கும்போது எது எது எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றப் படிகளுக்குப் போகிறேன்.

அடுத்தது கூலிங் டவர், சில்லரின் சூட்டைத் தண்ணீரை ஆவியாக்கி வெளியேற்றுகிற அமைப்பு. ‘பிளீட் வால்வைக் கால்வாசி திறந்து வைக்கவும்’ என்று ஒரே வரி எழுதியிருந்தேன். டவர் தொட்டித் தண்ணீரில் கொஞ்சத்தை வெளியே விடுகிற வால்வு அது. ஏப்ரல், மே மாதம், போரில் தண்ணீர் இறங்கிவிட்டது, லாரிக்குச் சொல்லி அனுப்பிக் காத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் டவரிலிருந்து நல்ல தெளிவான தண்ணீர் சும்மா சாக்கடைக்குப் போகிறதைப் பார்த்தால் இந்த ஊரில் யாருக்கு மனசு வரும்? ராத்திரி ஷிப்ட்காரர் வால்வை மூடிவிட்டார். இரண்டு மாதத்தில் சில்லர் மதிய நேரத்தில் ஹை பிரஷரில் டிரிப் ஆக ஆரம்பித்தது. சில்லரில் டவர் தண்ணீர் ஓடுகிற கன்டென்சரின் மூடியைக் கழற்றினால் டியூப் உள்ளே சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவான டி.டி.எஸ். போர் தண்ணீரில் 1,200, டவர் தொட்டியில் 4,000-ஐத் தாண்டியிருந்தது. அந்தப் படிவை நீக்கும் டிஸ்கேலிங் வேலை முடிகிற வரை ஆபரேஷன் தியேட்டருக்கு மட்டும் ஏசியை நிறுத்தாமல் காப்பாற்றினோம்.

அங்கே ஒரு மூத்த ஆபரேட்டர் இருந்தார். திருப்பூரில் சாயப்பட்டறை பாய்லரில் வேலை பார்த்தவர், 2011-ல் ஐகோர்ட் உத்தரவில் பட்டறைகளை மூடியபோது அந்த வேலை போய்க் கட்டட வேலைக்கு வந்தவர். நான் அந்த ஷிப்ட்காரருக்கு ஆவியாதல், உப்பு அடர்த்தி என்று விளக்கிக்கொண்டிருந்தேன். இவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“ஏனுங்கம்மணி, இது பாய்லர்ல புளோ டவுன் விடறாப்பல தானுங்க? தண்ணி ஆவியாப் போயிருமுங்க, உப்பு எங்கீங்க போவும்? உப்புத் தண்ணி காச்சுன குண்டா அடியில பாத்தா தெரியுமுங்களே.”

புளோ டவுன் என்றால் பாய்லரில் உப்பு சேர்ந்த தண்ணீரை வெளியே விடுவது. அந்த ஷிப்ட்காரருக்கு உடனே புரிந்தது. நான் அன்று இரவே அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு அந்த ஆபரேட்டர் அண்ணன் சொன்னதை வைத்து மாற்றி எழுதினேன்: ‘டவரில் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு போகாது, தொட்டியிலேயே சேரும். சேர்ந்த உப்பை வெளியே விடத்தான் இந்த வால்வு. தண்ணீர் வீணாகிறது என்று மூட வேண்டாம்.’ அதையே தமிழில் பெரிய எழுத்தில் பிரின்ட் எடுத்து, லேமினேட் பண்ணி டவர் பேனலில் மாட்டினோம். வெளியே போகிற தண்ணீரை டாய்லெட் பிளஷ் தொட்டிக்குத் திருப்பலாமே என்றும் அண்ணன்தான் சொன்னார். சின்ன பைப் வேலைதான், செய்தோம்.

ஏன் என்று எழுதுவதற்கு எங்கள் ஆபீசில் இன்றும் எதிர்ப்பு இருக்கிறது. மேனுவல் நீளமாகிவிடுமாம். ஆக்சிஜன் வால்வில் எண்ணெய், கிரீஸ் படக் கூடாது என்று எல்லா மேனுவலும் சொல்லும். ஆனால் இறுகிய வால்வைக் கண்டால் ஒரு சொட்டு எண்ணெய் விடுவது நல்ல பிட்டருக்குக் கை தானாகச் செய்கிற வேலை. அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் நெருப்புப் பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும் என்று கூட ஒரு வரி இருந்தால்தான் அந்தக் கை நிற்கும். அந்த ஒரு வரிக்கு இடம் இல்லாத மேனுவலை நான் எழுத மாட்டேன்.

இரண்டு வருடம் கழித்து அந்த மருத்துவமனைக்கு ஒரு பம்ப் மாற்றுகிற வேலையாகப் போனேன். டவர் பேனலில் லேமினேஷன் ஓரம் பழுப்பேறியிருந்தது. நான் எழுதிய வரிகளுக்குக் கீழே மார்க்கர் பேனாவில் யாரோ சேர்த்திருந்தார்கள்: ‘ஆத்துத் தண்ணி லாரி வர்ற நாள்ல இவ்ளோ தொறக்க வேண்டாம். டி.டி.எஸ். பாத்துக் கொறைக்கவும்.’ முழுக்கச் சரி, ஆற்றுத் தண்ணீரில் உப்பு கம்மி, அவ்வளவு வெளியே விடத் தேவையில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை. போனில் படம் எடுத்துக்கொண்டேன், அடுத்த கட்டடத்தின் மேனுவலில் கூலிங் டவர் அத்தியாயத்தில் அந்த வரி இருக்கிறது.