பங்குனிக் கடலில் கிழங்கான் தூண்டில்

மார்ச் 16, 2025 – ஓலைக்குடா

வாடை ஓய்ந்து ராமேஸ்வரத்தின் வடகடல் (பாக் விரிகுடா) தெளிந்துவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கால்விரல் தெரிகிறது. கிழங்கானுக்கு ஏற்ற காலம்தான், ஆனால் ஆள் அரவம் கேட்டால் மணலுக்குள் புதைந்துகொள்ளும் மீன் அது. அதனால் இறங்குவதற்கு முன்பே முதல் வீச்சைக் கரையோரத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். பலர் நேராக இடுப்பளவுக்கு இறங்கி, காலடியில் இருந்த மீனைக் கலைத்துவிட்டுத் தூரத்தில் வீசிக்கொண்டிருக்கிறார்கள்.

தங்கூசி, அதாவது நைலான் தூண்டில் நரம்பு, 0.25 மில்லிமீட்டர் தடிமனுக்கு மேல் வேண்டாம். நடுவில் துளையுள்ள 15 கிராம் ஈயக்குண்டைக் கோத்து, கீழே சின்ன ஸ்விவல் (நரம்பு முறுக்காமல் சுழலும் வளையம்). அதிலிருந்து ஒரு முழம் 0.20 தங்கூசி, நுனியில் நீளத்தண்டு தூண்டில் முள், 8 அல்லது 10ஆம் எண். குண்டு நரம்பில் ஓட வேண்டும். முடிச்சுப் போட்டு நிறுத்தினால் இரையை இழுக்கும் மீனுக்குக் கனம் தெரிந்து துப்பிவிடும்.

மார்ச் 22

தேய்பிறை அஷ்டமி. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், செத்துக் கிடக்கிறது. இன்று பேத்தை மீனுக்குத்தான் கொண்டாட்டம்: இரையைக் கொறித்து, தங்கூசியையும் கடித்துவிட்டுப் போகும். முள் தொடர்ந்து அறுந்தால் இடத்தை மாற்றுவதே நல்லது. மாட்டினால் விட்டுவிடுங்கள், அது விஷம்.

இரைக்கு மணற்புழுவை மிஞ்சியது இல்லை. தண்ணீர் வற்றியதும் மணல் சுருள் சுருளாகத் தள்ளியிருக்கும் இடத்தில் தோண்டலாம். புழு கிடைக்காவிட்டால் இறால். ஓட்டை உரித்து, லேசாக உப்பில் புரட்டி அரை மணி நேரம் வைத்தால் சதை இறுகும், வீச்சில் கழன்று விழாது. சுண்டுவிரல் நகத்தில் பாதியளவு துண்டு போதும். கிழங்கானுக்கு வாய் சிறிது. பெரிய துண்டு போட்டால் ஓரத்தைக் கடித்துத் தின்றுவிட்டு முள்ளைத் தொடாமல் போய்விடும்.

மார்ச் 30 – தனுஷ்கோடி, வடகரை

அமாவாசைக்கு மறுநாள், பெருக்கு நன்றாக ஏறுகிறது. தண்ணீரில் கருப்பாகத் தெரிவது தாழை என்னும் கடற்புல், வெளுப்பாகத் தெரிவது மணல். இரண்டும் சேரும் விளிம்பில் வீச வேண்டும். தாழைக்குள் விழுந்தால் பாசியைத்தான் இழுக்கலாம்.

குண்டு தரையைத் தொட்டதும் சும்மா விட்டுவிடக் கூடாது. ஒரு சாண் இழு, நிறுத்து, மறுபடி இழு. குண்டு கிளப்பும் மணல் புகையைப் பார்த்துத்தான் கிழங்கான் பின்னாலேயே வரும். முதலில் ‘டிக் டிக்’ என்று தட்டும். அப்போது வெட்டி இழுத்தால் மெல்லிய உதடு கிழிந்துவிடும். நரம்பு ஒரே சீராக நகரும்போது ராடை மெதுவாக உயர்த்தினால் முள் தானே ஏறிக்கொள்ளும். ஒரு சாணுக்குக் குறைந்ததைத் திரும்பக் கடலில் விடுங்கள். இன்னும் முட்டை போடாததாக இருக்கலாம்.

கால் வைக்கும்போது மணலைத் தேய்த்தே நடக்கவும். புதைந்திருக்கும் திருக்கை சத்தம் கேட்டு விலகிவிடும். மேலே மிதித்தால்தான் வால்முள்ளால் அடிக்கும்.

ஏப்ரல் 13

15ஆம் தேதி முதல் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. கரைத்தூண்டிலுக்கு அது பொருந்தாது. ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா. தூண்டிலோடு அந்தப் பக்கம் போகவே கூடாது.

மதியத்துக்கு மேல் தென்காற்று ஏறித் தென்கடல் (மன்னார் வளைகுடா) கலங்குகிறது. அங்கே வீசுவதானால் குண்டை 25 கிராமாக்கலாம். கலங்கலில் மீனுக்குத் தங்கூசி தெரியாது, 0.30 போட்டாலும் குற்றமில்லை. பிடித்த மீனை உடனே ஐஸில் வைக்கவும். சதை மென்மையானது, வெயிலில் கிடந்தால் குழம்புச் சட்டியில் உதிர்ந்துவிடும்.