ஈரக்காற்றில் டின் ஆக்சைடு சென்சார்: ப்ராஜெக்ட் தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

எம்எஸ்சி ப்ராஜெக்டோ பிஎச்டியோ, வாயு சென்சார் ஆய்வேடுகளில் ஈரப்பதம் பெரும்பாலும் கடைசிப் படமாகத்தான் வருகிறது. பொருளைத் தயாரித்து, எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் சோதனை), எஸ்இஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) எல்லாம் முடித்து, உலர்ந்த காற்றில் அழகான வளைவுகள் வாங்கிய பிறகு, "ஈரத்திலும் ஒரு தடவை பார்த்துவிடலாம்" என்று உட்காருவார்கள். அந்த ஒரு தடவையில் மொத்த அத்தியாயமும் ஆட்டம் காணும். வைவாவில் கேள்வியும் அங்கிருந்துதான் வரும். ஆகவே ஈரத்தை முதல் நாளிலேயே திட்டத்துக்குள் கொண்டுவாருங்கள்.

ஒரு கணக்கு போட்டாலே காரணம் புரியும். 25 டிகிரி செல்சியஸில் 50 சதவீத ஒப்பு ஈரப்பதம் என்றால் காற்றில் ஏறத்தாழ 15,600 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) நீராவி. நீங்கள் கண்டுபிடிக்க நினைப்பது 50 பிபிஎம் கார்பன் மோனாக்சைடு. அதாவது ஒரு மூலக்கூறைப் பார்க்க, முந்நூறு நீர் மூலக்கூறுகளைத் தாண்ட வேண்டும். சதவீதத்தை மட்டும் எழுதி வைப்பதும் போதாது: 24 டிகிரியில் 60 சதவீதம் சுமார் 17,700 பிபிஎம், 32 டிகிரியில் அதே 60 சதவீதம் 28,000-ஐத் தாண்டும். ஏசி ஓடும் நாளும் ஓடாத நாளும் ஒரே அளவீடு ஆகாது. சென்சாரின் மேற்பரப்பு 350 டிகிரியில் இருக்கும்போது அங்கே ஒப்பு ஈரப்பதம் என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை. வெப்பநிலையோடு சேர்த்து, நீராவியின் அளவை பிபிஎம்மில் எழுதுங்கள்.

நடப்பது இதுதான். டின் ஆக்சைடு ஒரு என்-வகைக் குறைகடத்தி, அதாவது எலக்ட்ரான்கள் வழியாக மின்சாரம் கடத்துவது. சூடான நிலையில் காற்றின் ஆக்சிஜன் அதன் மேல் ஒட்டி எலக்ட்ரானை எடுத்துக்கொள்ளும், மின்தடை ஏறும். கார்பன் மோனாக்சைடு வந்து அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்தால் எலக்ட்ரான் திரும்பிவரும், தடை இறங்கும். நீராவியும் அதே இடங்களில் புகுந்து ஹைட்ராக்சிலாக (ஓஎச் தொகுதியாக) உட்கார்ந்து, எலக்ட்ரானை விடுவிக்கிறது. அதனால் அடித்தளத் தடை (சோதனை வாயு வருவதற்கு முன் உள்ள தடை) முன்பே இறங்கிவிடும்; வாயு வரும்போது அதற்கென்று ஆக்சிஜனும் அதிகம் மிஞ்சியிருக்காது. "350 டிகிரியில் ஓட்டுகிறீர்கள், தண்ணீர் எப்படி நிற்கும்?" என்று கேட்டால்: மூலக்கூறாக ஒட்டிய நீர் 200 டிகிரிக்குள் போய்விடும், ஹைட்ராக்சில் 400 டிகிரியைத் தாண்டியும் தங்கும்.

தயாரிப்பில் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை, ஒரு விஷயத்தைத் தவிர. டின் டெட்ராகுளோரைடு பென்டாஹைட்ரேட் 3.5 கிராமை 100 மி.லி. அயனி நீக்கிய நீரில் கரைத்து, பிஎச் 8 வரும் வரை நீர்த்த அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால் வெள்ளை ஜெல் வரும். ஓர் இரவு விட்டு, சென்ட்ரிஃபியூஜில் கழுவுங்கள். கழுவிய நீரில் ஒரு துளி சில்வர் நைட்ரேட் விட்டால் கலங்காமல் இருக்கும் வரை கழுவ வேண்டும். மிச்சமிருக்கும் குளோரைடு உணர்திறனைக் கெடுக்கும். மூன்று நான்கு முறை கழுவியதும் ஜெல் அடியில் படியாமல் பால்போலக் கலங்கி நிற்கும். குளோரைடு குறைந்ததால் துகள்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன, அவ்வளவுதான். அங்கே கழுவுவதை நிறுத்தாமல், நீர்த்த அம்மோனியம் நைட்ரேட் கரைசலுக்கு மாறுங்கள், மீண்டும் படியும். 100 டிகிரியில் உலர்த்தி 600 டிகிரியில் 3 மணி நேரம் சுட்டால், இழப்பே இல்லாவிட்டால் 1.5 கிராம் டின் ஆக்சைடு தூள் கிடைக்கும். எக்ஸ்ஆர்டியில் 26.6, 33.9, 51.8 டிகிரிச் சிகரங்கள் வர வேண்டும்.

இனி வாயுக் குழாய்க்கு வருவோம். தவறுகளில் பெரும்பகுதி நடப்பது இங்கேதான்.

மொத்த ஓட்டம் நிமிடத்துக்கு 500 மி.லி. என்று வையுங்கள். உலர்ந்த செயற்கைக் காற்று ஒரு எம்எஃப்சி (வாயு ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வழியாக, அதே காற்று நீர்க்குமிழிக் குடுவை வழியாக இன்னொரு எம்எஃப்சியில், சோதனை வாயு மூன்றாவதில். 50 சதவீத ஈரத்துக்கு ஈரவழி 250, உலர்வழி 250. இப்போது 10 பிபிஎம் நைட்ரஜன் டை ஆக்சைடு சிலிண்டரிலிருந்து 1 பிபிஎம் வேண்டும் என்றால் 50 மி.லி. திறக்க வேண்டும், அதே நொடியில் உலர்வழியை 200-க்குக் குறைக்க வேண்டும். பலர் 50-ஐ அப்படியே மேலே சேர்த்துவிடுவார்கள். மொத்தம் 550 ஆகி, ஈரப்பதம் 45.5-க்கு இறங்கும். ஈரம் குறைந்தால் டின் ஆக்சைடின் தடை தானாகவே ஏறும். நைட்ரஜன் டை ஆக்சைடும் தடையை ஏற்றும் வாயுதான். இரண்டையும் பிரிக்கவே முடியாது. வாயுவே இல்லாமல் ஒரு "நல்ல" வளைவு கிடைத்துவிடும். கார்பன் மோனாக்சைடில் இதே தவறு எதிர்த்திசையில் வேலை செய்து, உண்மையான பதிலைச் சிறிதாக்கிக் காட்டும்.

இதற்கு வெற்றுச் சோதனை ஒன்றே மருந்து. சோதனை வாயுவின் இடத்தில் அதே சிலிண்டரின் நிரப்பு வாயுவை மட்டும் இணைத்து, எல்லா ஓட்டங்களையும் அதே வரிசையில் மாற்றிப் பாருங்கள். சிலிண்டர் நைட்ரஜனில் கலந்ததாக இருந்தால் வெற்றுச் சோதனைக்கும் நைட்ரஜன்தான். மேலே சொன்ன 50 மி.லி. ஆக்சிஜனை 20.9 சதவீதத்திலிருந்து 18.8-க்கு இறக்குகிறது, அதன் விளைவையும் பார்த்தாக வேண்டும். இந்த வளைவை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஒளிக்காமல் முதன்மைப் படத்தின் பக்கத்திலேயே வையுங்கள்.

சோதனை வாயுவை ஒருபோதும் நீர்க்குமிழிக் குடுவை வழியாக விடாதீர்கள். அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு எல்லாம் தண்ணீரிலேயே கரைந்துவிடும். சென்சாருக்கு வந்து சேர்வது மிச்சம்தான். குடுவை இரண்டை அடுத்தடுத்து வையுங்கள். ஆவியாகும்போது தண்ணீர் குளிர்வதால் ஒரே குடுவையில் காற்று முழுதாக ஈரம் ஏறாது. பின்னால் ஒரு காலிக் குடுவை இருந்தால் நீர்த்துளி அறைக்குள் அடித்துவராது. குழாய் டெஃப்லானாக இருக்கட்டும். சிலிகோன் குழாயும் சிலிகோன் பசையும் வேண்டாம்: அவற்றிலிருந்து வரும் சிலாக்சேன் சூடான மேற்பரப்பில் சிலிக்காவாகப் படிந்து சென்சாரை நிரந்தரமாக மந்தமாக்கும்.

அறையின் கொள்ளளவையும் கணக்கில் எடுங்கள். 1 லிட்டர் அறையில் 500 மி.லி. ஓட்டம் என்றால், உள்ளே வாயு 90 சதவீத அளவை எட்டவே நாலரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அங்கே "பதில் நேரம் 8 நொடி" என்று எழுதினால் தேர்வாளர் சிரிப்பார். நேரத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அறை 20 மி.லி. அளவில் இருக்க வேண்டும்.

டின் ஆக்சைடு தூளைப் புதிதாகப் பூசிய சென்சாரை இயக்க வெப்பநிலையில் குறைந்தது மூன்று நாள் ஈரக்காற்றிலேயே பழக்குங்கள். உலர்ந்த காற்றில் பழக்கினால் ஈரம் பட்ட முதல் நாளே அடித்தளம் நகரத் தொடங்கும். உலர்விலிருந்து ஈரத்துக்கு மாறுவது சீக்கிரம் நடக்கும். திரும்பி வருவதற்கு மணிக்கணக்கில் ஆகலாம். எனவே 0, 30, 60, 80 சதவீத ஈரம் என்று ஏறும் வரிசையில் மட்டும் அளக்காமல் இறங்கும் வரிசையிலும் அளந்து, இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் காட்டுங்கள். அடித்தளம் பத்து நிமிடத்தில் 1 சதவீதத்துக்கு மேல் நகர்ந்தால் வாயுவைத் திறக்காதீர்கள்.

பதிலைக் கணக்கிடும்போது ஈரத்தில் அளந்த வாயுத் தடையை ஈரத்தில் அளந்த அடித்தளத்தோடுதான் ஒப்பிட வேண்டும். எடுத்துக்காட்டாக, உலர் அடித்தளம் 1 மெகா ஓம், ஈர அடித்தளம் 250 கிலோ ஓம், ஈரத்தில் வாயுவோடு 100 கிலோ ஓம் என்றால் பதில் 250-ஐ 100-ஆல் வகுத்த 2.5. உலர் அடித்தளத்தை அந்த 100 கிலோ ஓமால் வகுத்தால் 10 வரும். அது தண்ணீரின் பதிலையும் சேர்த்து எண்ணிய கணக்கு.

எக்ஸ்பிஎஸ் (மேற்பரப்பின் வேதியியலைக் காட்டும் எக்ஸ்-கதிர் நிறமாலை) பற்றி ஓர் எச்சரிக்கை. ஆக்சிஜன் 1எஸ் நிறமாலையில் 531.5 எலக்ட்ரான்வோல்ட் பக்கம் வரும் தோளை (முதன்மைச் சிகரத்தின் ஓரத்துப் புடைப்பை) "ஆக்சிஜன் வெற்றிடம்", அதாவது படிகத்தில் ஆக்சிஜன் இல்லாத காலி இடம், என்று பெயரிட்டு, அதிலிருந்து உணர்திறனை விளக்குவது வழக்கமாகிவிட்டது. வெற்றிடத்தில் ஆக்சிஜனே இல்லை, அது எப்படிச் சிகரம் தரும்? அந்தத் தோள் பெரும்பாலும் ஹைட்ராக்சில்தான். ஈரத்தைப் பற்றிய ஆய்வில் இந்தப் பிழை இரட்டிப்பாக உறுத்தும். வாய்ப்பு இருந்தால் சூடான நிலையில் டிரிஃப்ட்ஸ் (தூளில் சிதறும் அகச்சிவப்பு ஒளியின் நிறமாலை) எடுத்து 3000 முதல் 3700 செ.மீ⁻¹ வரையிலான ஹைட்ராக்சில் பட்டைகளைப் பாருங்கள். பேசுவதற்கு அதுவே நல்ல சான்று.

ஈரத்தைச் சமாளிக்கும் வழிகளில் பல்லேடியம் சேர்ப்பது பழையது, இன்னும் நம்பகமானது. எடையில் 1 சதவீதத்துக்கு, 1 கிராம் டின் ஆக்சைடுக்கு 16.7 மி.கி. பல்லேடியம் குளோரைடு கணக்கு. ஆனால் அது நீரில் சரியாகக் கரையாது; நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் கஷ்டப்பட்டுக் கழுவிய குளோரைடு திரும்பி வரும். நைட்ரேட் உப்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள். சீரியம் ஆக்சைடு மேற்பரப்பு ஹைட்ராக்சிலை அகற்றி அடித்தளத்தை நிலைநிறுத்தும், ஆனால் வாயுவுக்கான பதிலும் கூடவே குறையும். நிக்கல் ஆக்சைடு தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் என்பது மற்றொரு அணுகுமுறை. அறை வெப்பநிலையில் வேலை செய்யும் சென்சார் என்று யாராவது ஆசை காட்டினால் கவனம்: அங்கே நீர் பல அடுக்காகப் படிந்து புரோட்டான் வழியாகவே மின்சாரம் கடக்கும், நீங்கள் அளப்பது பாதி ஈரப்பத சென்சாராக இருக்கும்.

வாயுவின் அளவைத் தேர்ந்தெடுக்கும்போது தேவையைப் பாருங்கள். இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுக் காற்றுத் தரநிலையில் நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம். அது 25 டிகிரியில் ஏறத்தாழ 43 பிபிபி (நூறு கோடியில் 43 பங்கு). 100 பிபிஎம்மில் அளந்து "காற்று மாசுக்கு ஏற்றது" என்று முடிவுரை எழுதினால் இரண்டாயிரம் மடங்கு இடைவெளியை யாராவது சுட்டிக்காட்டுவார்கள். வேலைத்தளப் பாதுகாப்புக்கு என்றால் கார்பன் மோனாக்சைடை 50 பிபிஎம் சுற்றியும் அம்மோனியாவை 25 பிபிஎம் சுற்றியும் அளப்பது பொருத்தம். வெளியேறும் குழாய் புகைப்போக்கி அறைக்குள் செல்ல வேண்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடு என்றால் நடுவில் ஒரு சோடியம் ஹைட்ராக்சைடு குடுவையும் வேண்டும். 100 பிபிஎம் பக்கம் வந்தால் மூக்கு அந்த வாசனையை உணர்வதை நிறுத்திவிடும், அதனால் அலாரம் மேசைமேல் ஓடிக்கொண்டிருக்கட்டும்.