சவேரியாரைப் பார்க்கப் போய் 5,000 ரூபாயை விட்டுவிட்டு வந்த கதை

அம்மாவுக்கு ரொம்ப நாள் ஆசை. நாகர்கோவில் கோட்டாற்றில் இருக்கும் புனித சவேரியார் கோயில் திருவிழாவுக்கு டிசம்பர் 3 அன்று எங்கள் மாவட்டத்துக்கே லீவு விடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு, கோவாவில் இருக்கும் அவருடைய உடலை ஒருமுறைகூடப் பார்க்காமல் கண்ணை மூடிவிடுவேனோ என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். பத்து வருஷத்துக்கு ஒருமுறை உடலைக் கீழே இறக்கிப் பொதுமக்களுக்குக் காட்டுவது 2024 நவம்பர் 21-இல் தொடங்கி 2025 ஜனவரி 5 வரை நடந்தது, கூட்டத்துக்குப் பயந்து நான்தான் தட்டிக்கழித்தேன். அந்தக் குற்ற உணர்ச்சியில் ஆகஸ்டில், கோவா வழியாகப் போகும் காந்திதாம் ரயிலில் டிக்கெட் போட்டேன். அம்மா, நான், மனைவி மூன்று பேர்.

மட்காவ் ஸ்டேஷனில் இறங்கும்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது. போனில் பேசி வைத்திருந்த வாடகை ஸ்விஃப்ட் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான் ஒரு பையன். கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து, அதாவது வாடகைக்கு ஓட்ட முறையாகப் பதிவான வண்டி. கோவாவில் வெள்ளை பிளேட் சொந்த வண்டிகளையும் கள்ளத்தனமாக வாடகைக்கு விடுவார்கள், போலீஸ் பிடித்தால் நமக்கும் தலைவலி என்று கேள்விப்பட்டிருந்ததால், கறுப்பு பிளேட்டைப் பார்த்ததும் எனக்கு ஒரே நிம்மதி. அந்த நிம்மதியில் மற்றதையெல்லாம் கோட்டைவிட்டேன். மூன்று நாள் வாடகையோடு 5,000 ரூபாய் டெபாசிட்டையும் அந்தப் பையனுடைய சொந்த நம்பருக்கே ஜிபே பண்ணினேன். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் பேங்கிடமாவது முறையிட ஒரு வழி இருந்திருக்கும்.

"வீடியோ எடுத்துக்கோங்க சார்" என்றான் இந்தியில். குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு வண்டியைச் சுற்றிச்சுற்றி வீடியோ எடுத்தேன். ரொம்பப் பொறுப்பானவன் என்று நினைப்பு. நனைந்த வண்டியில் கீறல் தெரியாது! கீறலுக்குள் தண்ணீர் நிரம்பிக்கொண்டு பெயின்டோடு பெயின்டாக மினுங்கும். இது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

பழைய கோவா போய்ச் சேர்வதற்குள் மழை விட்டுவிட்டது. போம் ஜீசஸ் பேராலயத்தின் செம்பாறாங்கல் சுவர் நனைந்து, இன்னும் ஒரு மடங்கு சிவந்து நின்றது. உள்ளே சவேரியார் உடல் இருக்கும் வெள்ளிப் பேழை ஆளுயரத்துக்கு மேலே, எட்டாத தூரத்தில். அம்மா அண்ணாந்து பார்த்தபடி கால் மணி நேரம் அசையவில்லை. வெளியே வந்து, "ஒண்ணும் சரியாத் தெரியல, ஆனா பாத்துட்டேன்" என்றாள். பார்க்கிங்கில் காரின் பின்கதவைத் திறந்து ஓரமாக உட்கார்ந்து செருப்பு வாரைச் சரிபண்ணிக்கொண்டிருந்தவளை என் மனைவி ஒரு போட்டோ எடுத்தாள். இந்த போட்டோவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வைஸ்ராய் வளைவைத் தாண்டினால் படகுத்துறை. அங்கிருந்து மாண்டவி ஆற்றைக் கடந்தால் திவார் தீவு. போன்டெராம் கொடித் திருவிழா ஆகஸ்ட் நான்காம் சனிக்கிழமை, நாங்கள் ஒரு வாரம் முந்திப் போய்விட்டோம், அதனால் தீவே காலியாக இருந்தது. குன்றின் மேலே பியேதாதி மாதா கோயில், கீழே வயல், ஆற்றுக்கு அந்தப் பக்கம் பழைய கோவாவின் கோபுரங்கள். கோவாவில் எனக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால் பீச்சையெல்லாம் விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன். திரும்பும்போது ஆற்றில் தண்ணீர் மட்டம் இறங்கி, படகின் சரிவுப்பலகை செங்குத்தாக நின்றது. ஏற்றும்போது முன்பம்பரின் அடிப்பக்கம் 'கர்ர்ர்' என்று உரசியது. இறங்கிக் குனிந்து பார்த்தேன். விரல் நீளத்துக்கு ஒரு கோடு. மேலிருந்து பார்த்தால் தெரியாது. நான் மனைவியைப் பார்த்தேன், அவள் ஆற்றைப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் அதே ஸ்டேஷனில் வண்டியைக் கொடுத்தோம். அன்றைக்கு நல்ல வெயில். பையன் ஒரு சுற்று வந்து நாலைந்து போட்டோ எடுத்துக்கொண்டு, "ரெண்டு நாள்ல டெபாசிட் வந்துடும் சார்" என்றான். அவன் பம்பருக்குக் கீழே குனியவில்லை.

ரயில் உடுப்பி தாண்டும்போது வாட்ஸ்அப் வந்தது. இடதுபக்கப் பின்கதவு, சிவப்பு வட்டம், வட்டத்துக்குள் ஒரு கீறல். 'பெயின்டிங் 5,000. டெபாசிட்டில் கழிக்கப்பட்டது.' கழித்த தொகையும் கொடுத்த தொகையும் பைசா பிசகாமல் ஒன்றாக இருப்பது என்ன பொருத்தமோ! எனக்கோ ஒரே குழப்பம். நான் போட்ட கோடு முன்னால், கீழே இருக்கிறது. இவர்கள் பின்னால் ஒன்றைக் காட்டுகிறார்கள். ஒர்க்‌ஷாப் பில் அனுப்புங்கள் என்று கேட்டேன், இரண்டு நீல டிக் மட்டும் விழுந்தது.

ஊருக்கு வந்து, வடசேரியில் எங்கள் வண்டியைப் பார்க்கும் ஒர்க்‌ஷாப் அண்ணனிடம் போட்டோவைக் காட்டினேன். பெரிசுபண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மக்கா, கோட்டுக்க நடுவுல செம்மஞ்சளா தெரியுதுல்லா, அது துரு. பெயின்ட் போயி தகடு வெளிய வந்து நாளாச்சு."

"மூணு நாள் மழையில வந்த துருன்னு சொன்னா?"

"அப்ப மொத நாளு எடுத்த போட்டோ எதாம் இருக்கான்னு பாரு."

இருந்தது. அம்மாவும் செருப்பு வாரும். திறந்திருந்த கதவின் கீழ்ப்பாதி தெளிவாகத் தெரிந்தது, அதில் அதே கோடு, அதே செம்மஞ்சள். வண்டியை வாங்கி இரண்டு மணி நேரம்கூட ஆகாதபோது எடுத்தது. நேரம் போனிலேயே பதிவாகியிருந்தது. "ரெண்டு மணிநேரத்துல துரு ஏறுமாலே?" என்றார் அண்ணன். அந்த ஒரு வரியைத்தான் நான் அப்புறம் எல்லா இடத்திலும் இந்தியிலும் இங்கிலீஷிலும் எழுதினேன்.

இரண்டு போட்டோவையும் சேர்த்து அனுப்பியதும் என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார்கள். 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன், தமிழிலேயே பேசினார்கள், புகார் எண் கொடுத்தார்கள். ஒரு விஷயம் புரிந்துகொள்ள வேண்டும், அவர்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்களே தவிர, பணத்தைக் கொடு என்று உத்தரவு போட முடியாது. பத்து நாள் கழித்து 'வாடிக்கையாளர் ஏற்படுத்திய சேதம்' என்று ஒரு வரிப் பதில் வந்தது. அவ்வளவுதான்.

சரி, விட்டுவிடலாம் என்று ஒரு ராத்திரி நினைத்தேன். காலையில் எழுந்ததும் கோபம் திரும்பி வந்தது. வாடகை ஒப்பந்தத் தாளில் இருந்த முகவரிக்கு ஒரு நோட்டீஸ் எழுதினேன். வக்கீல் எல்லாம் இல்லை, நானே எழுதியது. ஒரு பக்கம்தான்: தேதிகள், இரண்டு போட்டோ, ஜிபே ரசீது, 1915 புகார் எண், 15 நாள் கெடு. கடைசிப் பத்தியில், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 34-ஆம் பிரிவின்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இ-ஜாக்ரிதி என்ற நுகர்வோர் வழக்கு இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்வேன், விசாரணை நாகர்கோவிலில் நடக்கும் என்று எழுதினேன். காந்திதாம் ரயில் வாரத்துக்கு ஒன்றுதான் என்பதையும் சேர்க்கலாமா என்று கை துறுதுறுத்தது, மனைவி வேண்டாம் என்றுவிட்டாள். தபாலில் ஒன்று, ஈமெயிலில் ஒன்று.

தபால் போய்ச் சேர்ந்த நாலாம் நாள் புது நம்பரிலிருந்து போன். குரலில் தேன் ஒழுகியது. "சார், நமக்குள்ள எதுக்கு, 2,500 வாங்கிக்கோங்க." நான் பில்லைக் கேட்டேன். "சார், பில் இருந்தா..." என்று இழுத்து வைத்துவிட்டான். மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது 5,000 வந்து விழுந்தது. வண்டியைத் திருப்பிக் கொடுத்து 37-ஆவது நாள்.

போனை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொகையை ஒருமுறை வாய்விட்டு வாசித்துவிட்டு, "படகுல கீழ உரசிச்சே, அத அவங்கள்ட்ட சொன்னியாலே?" என்றாள்.

இன்னும் சொல்லவில்லை.