பழவேற்காடு டச்சுக் கல்லறைகள்: கண்ணாடி வெளிச்சத்தில் படித்த கல்

பழவேற்காடு டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் மூலையில் தரையோடு கிடக்கும் அந்தக் கல்லறைக் கல்லைக் கடைசியில் படித்துவிட்டேன். அங்கே போகும்போதெல்லாம் எனக்குப் போக்குக் காட்டிக்கொண்டிருந்த கல் அது. மேலே ‘ஹியர் லெய்ட் பெக்ராவன்’, அதாவது ‘இங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்’ என்ற வழக்கமான தொடக்கம் நன்றாகவே தெரியும். நடுவில் கேடயச் சின்னம். அதற்குக் கீழே உள்ள வரிகள்தான் தேய்ந்துபோய், எடுத்த படத்தில் எல்லாம் வெறும் சாம்பல் பரப்பாக விழுந்துகொண்டிருந்தன. இப்போது அங்கே இருப்பது ஒரு பெண்ணின் கல்லறை என்பதும், அவர் கணவர் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் ‘ஒப்பர்கோப்மன்’, அதாவது மூத்த வணிகர் என்பதும் தெளிவாகிவிட்டது. வயது வரியில் மட்டும் ஓர் இலக்கம் பாக்கி.

வேலையை முடித்துக் கொடுத்தது ஒரு நிலைக்கண்ணாடி. கல் தரையோடு படுத்திருப்பதால் உச்சிவெயிலில் புடைப்பு எழுத்துகளுக்கு நிழலே விழாது. மாலையில் வெயில் சாயும்போது மரங்களும் சுற்றுச்சுவரும் மறைத்துவிடுகின்றன. எனவே கல்லுக்குக் கறுப்புக் குடை பிடித்து நேர் வெயிலை அடைத்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு அடி தள்ளித் தரையில் கண்ணாடியை நிறுத்தி, வெயிலை வாங்கிக் கல்லின் மேல் உரசினாற்போல் அனுப்ப வேண்டும். வெளிச்சம் கல்லைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். கொஞ்சம் உயர்ந்தாலும் எழுத்து அமுங்கிவிடும்.

இதில் முக்கியமானது திசை. ஒரு கோடு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதே பக்கமாக வெளிச்சம் ஓடினால் அந்தக் கோடே காணாமல் போய்விடும். பக்கவாட்டு வெளிச்சத்தில் செங்குத்துக் கோடுகள் எழும்; தலைமாட்டிலிருந்து அடித்தால் கிடைக்கோடுகள் எழும். பதினேழாம் நூற்றாண்டுக் கல்தச்சர்கள் இடம் மிச்சம் பிடிக்க இரண்டு மூன்று எழுத்துகளை ஒரே காலில் கோத்துவிடுவார்கள். அந்தக் கூட்டெழுத்தை ஒரே படத்தில் பிடிக்க நினைப்பது வீண். முக்காலியில் கேமராவை அசையாமல் பூட்டிவிட்டுக் கண்ணாடியை மட்டும் கல்லைச் சுற்றி இடம் மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். சூரியன் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்வதால் கண்ணாடியையும் அவ்வப்போது திருத்த வேண்டும். வீட்டுக்கு வந்து படத்தைப் பார்க்கும்போது வெளிச்சம் மேலிருந்து விழுவதுபோல் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். கீழிருந்து விழுந்தால் புடைப்பெழுத்து குழியெழுத்தாகக் கண்ணை ஏமாற்றும்.

கண்ணாடி வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. அக்ரிலிக் வேண்டவே வேண்டாம். இணையத்தில் வாங்கிய ஒன்று வெயிலில் வளைந்து, வெளிச்சத்தை நெளிநெளியாகப் போட்டது; விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஓரம் சரிவாகத் தீட்டிய கண்ணாடியும் ஆகாது. கல்லின் மேல் வானவில் கோடு விழும். பாரிமுனைப் பக்கம் கண்ணாடிக் கடையில் சாதாரணக் கண்ணாடியை அறுத்து வாங்கி, பின்னால் பிளைவுட் ஒட்டிக்கொண்டேன். பிரமாதம்.

கல்லில் தாளை ஒட்டி, மை தடவி எழுத்தை நகலெடுக்கும் மைப்படி எடுத்தால் ஆகாதா என்று கேட்பார்கள். இது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். அனுமதியில்லாமல் கல்லில் தாளும் ஒட்டக் கூடாது, மையும் தொடக் கூடாது. அதைவிடக் கோபம் வருவது, எழுத்து தெரிய வேண்டும் என்று யாரோ சாக்பீஸைத் தேய்த்துவிட்டுப் போயிருப்பதைப் பார்க்கும்போதுதான். கல்லின் நுண்துளைக்குள் போன பொடி எளிதில் வெளியே வராது. பாசியைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டினால் பாசியோடு எழுத்தும் உரிந்து வரும். முந்நூறு ஆண்டுக்கு மேல் கடற்காற்றைத் தாங்கிய கல்லுக்கு இந்தக் கொடுமை தேவையா?

வாசலில் நிற்கும் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அவற்றில் மணற்கடிகாரத்தோடு நிற்கும் உருவத்தைப் பார்க்கத்தான் பலரும் வருகிறார்கள். படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். 1613இல் இங்கே எழும்பிய டச்சுக்காரர்களின் கெல்டிரியா கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. அந்தக் கோட்டையில் வாழ்ந்தவர்களின் பெயர், பதவி, குடும்பம் எல்லாம் எழுத்தில் நிற்பது உள்ளே கிடக்கும் இந்தத் தரைக்கற்களில்தான். என்னைக் கேட்டால் வாசலைவிட உள்ளேதான் அதிக நேரம் நிற்க வேண்டும்.

தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1897இல் வெளியிட்ட டச்சுக் கல்லறை எழுத்துகளின் நகல்களோடு என் வாசிப்பை வரிவரியாக ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அது முடிவதற்குள் மனம் இன்னொரு டச்சுக் கோட்டை ஊரான சதுரங்கப்பட்டினத்துக்குத் தாவிவிட்டது. அங்கே கல்லறைகள் கோட்டைக்குள்ளேயே இருக்கின்றன. பூட்டைத் திறக்கக் காவலரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். செதுக்கு வேலை பழவேற்காட்டைவிட நெருக்கமானது என்பதால் இன்னும் சிறிய, கைக்கு அடங்கும் கண்ணாடி ஒன்றை அறுக்கச் சொல்லியிருக்கிறேன். பழவேற்காட்டில் நிமிர்ந்து நிற்கும் தூண் கல்லறைகளுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. அவற்றின் கிழக்கு முகத்தில் உச்சிவேளைக்குச் சற்று முன்பு வெயில் தானாகவே மேலிருந்து உரசிக்கொண்டு இறங்கும். அந்த நேரத்தில் அவற்றை எடுத்துவிட்டு, பிறகு மூலைக்கல்லின் வயது வரிக்கு வலப்பக்கத்திலிருந்து ஒருமுறை வெளிச்சம் அடித்துப் பார்க்கப்போகிறேன்.