அரண்மனை முகம், தேவாலய உள்ளம்: நேப்பிள்ஸில் வரைந்து பார்த்த மூன்று நாள்

பழைய நகர்ப்பகுதிகளைப் பென்சிலால் வரைந்து பழகும் என் முயற்சியில், இம்முறை எடுத்துக்கொண்டது இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரின் ஜெசு நுவோவோ சதுக்கம். சதுக்கத்திற்கு ஒரு தாள், தேவாலயத்திற்கு ஒன்று, அரண்மனைக்கு ஒன்று என மூன்று நாள் கணக்குப் போட்டிருந்தேன். அங்கே போய் நின்றதும் அந்தக் கணக்கு தவறிவிட்டது; அரண்மனையும் தேவாலயமும் ஒரே சுவர்தான்.

சலேர்னோ இளவரசர் ரொபெர்த்தோ சான்செவெரினோவுக்காகக் கட்டடக் கலைஞர் நோவெல்லோ தா சான் லுகானோ 1470இல் எழுப்பிய அரண்மனையை, 1584இல் இயேசு சபையினர் வாங்கி, உட்புறத்தை இடித்துத் தேவாலயம் கட்டியபோது, முகப்பை மட்டும் விட்டுவைத்தார்கள். எரிமலைப் பாறையான பிப்பெர்னோவில் செதுக்கிய அந்தச் சாம்பல்நிறக் கற்கள் ஒவ்வொன்றும் பட்டை தீட்டியதுபோல் கூம்பாக வெளியே நீண்டிருக்கின்றன.

முதல் நாள், ஒவ்வொரு கல்லையும் இரண்டு குறுக்குக்கோடு போட்ட கட்டமாக வரைந்தேன். முடித்துப் பார்த்தால் பாய் முடைந்ததுபோல் தட்டையாக இருந்தது. மறுநாள் கோடுகளை விட்டுவிட்டு, நிழல் விழும் முக்கோணத்தை மட்டும் நிரப்பியபோதுதான் கல் தாளைவிட்டு எழுந்தது. ஆனால் வெயில் நகர நகர நிழலும் பக்கம் மாறியதால், இடப்புற வரிசைகள் ஒரு வேளையையும் வலப்புற வரிசைகள் வேறொரு வேளையையும் காட்டுகின்றன. அதை நான் திருத்தவில்லை. கற்களின் பக்கவாட்டில் சிறு குறிகளும் தென்பட்டன. அவற்றை இசைக்குறிப்பாகப் படிப்பவர்கள் உண்டு, எனக்கென்னவோ கல்தச்சர்களின் அடையாளமாகவே தோன்றியது.

சதுக்கத்தின் நடுவே நிற்கும், 1747இல் தொடங்கப்பட்ட அமலோற்பவ மாதா தூபியின் சுருள் வேலைப்பாடு என் பென்சிலுக்கு அடங்கவில்லை, வெளிக்கோட்டோடு விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் உள்ளே போனேன். ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்து, 1987இல் புனிதராக அறிவிக்கப்பட்ட மருத்துவர் ஜுசெப்பே மொஸ்காத்தியின் கல்லறை இங்கேதான் இருக்கிறது. 1943 ஆகஸ்ட் 4ஆம் தேதி விமானத் தாக்குதலில் கூரையைத் துளைத்து விழுந்தும் வெடிக்காத குண்டின் கூட்டையும் வைத்திருக்கிறார்கள். அதே நாளில் எதிரிலுள்ள சாந்தா கியாரா தேவாலயம் தீப்பற்றி, பரோக் எனப்படும் ஆடம்பரப் பாணியில் அமைந்த அதன் அலங்காரமெல்லாம் அழிந்துபோனது. அதற்கு முந்தைய, கூர்வளைவுகள் கொண்ட கோதிக் வடிவில் சீரமைத்து 1953இல்தான் மறுபடி திறந்தார்கள்.

மீதமிருந்த தாளுடன் சாந்தா கியாராவின் மடத்து முற்றத்தில் உட்கார்ந்தேன். மஞ்சளும் நீலமும் பச்சையுமாக ஓடு பதித்த தூண்களுக்கு முன்னால் கறுப்புப் பென்சில் எதற்கும் உதவவில்லை. தூண்களின் எண்கோண வடிவை மட்டும் குறித்துக்கொண்டேன். நிறத்திற்கு அடுத்த முறை நீர்வண்ணப் பெட்டியோடு வர வேண்டும்.